நான்கு கைகள், இரண்டு குழந்தைகள்: ஐரோப்பாவில் குடும்பத்தோடு ரயில் பயணம் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முறை குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போனபோது எங்களோடு வந்தவை: பெரிய சூட்கேஸ் இரண்டு, நடுத்தரம் ஒன்று, முதுகுப்பை மூன்று, மடக்குத் தள்ளுவண்டி ஒன்று, முறுக்கு டப்பா ஒன்று. எட்டு வயது மகள், மூன்று வயது மகன். ஒரு பெரிய சந்திப்பு நிலையத்தில் வண்டி மாற எங்களுக்கு ஏழு நிமிடம் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. என் கணவர் சூட்கேஸ்களை ஒவ்வொன்றாகப் படியில் இறக்கினார். நான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியை இழுத்தேன். மகள் முறுக்கு டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி பின்னால் ஓடி வந்தாள். நாங்கள் மேலே ஏறியபோது வண்டியின் வால் தெரிந்தது.

அடுத்த வண்டி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது, பெரிய நட்டமில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து போட்ட கணக்குதான் பிறகு எங்கள் எல்லாப் பயணங்களுக்கும் அடிப்படையானது. பெரியவர்கள் இருவர், ஆகவே கைகள் நான்கு. இரண்டு கைகள் குழந்தைகளைப் பிடிக்க. மீதி இரண்டு. எனவே சக்கரம் வைத்த சூட்கேஸ் இரண்டு மட்டுமே. மூன்றாவது சேர்ந்தால் ஒரு குழந்தையின் கையை விட்டாக வேண்டும். நீங்கள் தனியாக ஒரு குழந்தையோடு போகிறீர்கள் என்றால் ஒரே சூட்கேஸ். தாத்தா பாட்டி உடன் வந்தால் அவர்கள் கைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்; படிக்கட்டில் அவர்களுக்குக் கைப்பிடி வேண்டும்.

கீழே உள்ளவை எல்லாம் இந்தக் கைக் கணக்கிலிருந்து பிறந்தவை.

முதலில் பாதை

ஐரோப்பா வரைபடத்தை விரித்ததும் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். பத்து நாளில் ஏழு ஊர் என்று எழுதிவிடுவோம். கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணிக்கணக்கைக்கூட இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது எத்தனை முறை அறையைக் காலி செய்கிறோம், எத்தனை முறை வண்டி மாறுகிறோம் என்பதை. ஆறு மணி நேரம் ஒரே வண்டியில் உட்கார்ந்திருப்பது குழந்தைக்குச் சுலபம். மூன்று மணி நேரத்தில் மூன்று வண்டி மாறுவது யாருக்குமே சுலபமில்லை.

உதாரணத்துக்கு, நான் நண்பர்களுக்குச் சொல்லும் 14 இரவுப் பாதை இது. பாரிஸ் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நான்கு, இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் மூன்று, ரோம் மூன்று. பாரிஸில் விமானம் இறங்குகிறது, ரோமிலிருந்து ஏறுகிறது. இப்படி இறங்கும் ஊரையும் ஏறும் ஊரையும் வேறாக வைத்தால், திரும்பி வருவதற்கென்றே ஒரு முழு நாளைப் பலி கொடுக்க வேண்டாம். பெரிய ரயில் நாள்கள் மூன்றே மூன்று. பாரிஸிலிருந்து அதிவேக வண்டியில் சுவிட்சர்லாந்தின் பாசல் ஏறத்தாழ மூன்று மணி நேரம், அங்கே மாறி லுசெர்ன் ஒரு மணி நேரம். லுசெர்னிலிருந்து மிலான் மூன்றேகால் மணி அளவு, அங்கே மாறி ஃப்ளோரன்ஸ் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு. ஃப்ளோரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி. மொத்தப் பயணத்திலும் வண்டி மாறுவது இரண்டே இடத்தில்.

வெனிஸ் இல்லையே என்று கேட்பார்கள். ஃப்ளோரன்ஸிலிருந்து இரண்டேகால் மணியில் போய் மாலையில் திரும்பிவிடலாம், சூட்கேஸ் இல்லாமல். வெனிஸின் பாலங்கள் எல்லாம் படிக்கட்டுகள். அங்கே சூட்கேஸும் தள்ளுவண்டியும் குழந்தையுமாகத் தங்கும் விடுதியைத் தேடியவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இறங்க வேண்டியது வெனேசியா சாந்தா லூசியாவில். அதற்கு முன்னால் வரும் வெனேசியா மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது, பெயரைப் பார்த்து அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

விசாவா, டிக்கெட்டா?

சென்னையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இதுதான் உண்மையான தலைவலி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். எங்கள் உதாரணப் பாதையில் பிரான்ஸ் நான்கு இரவு, சுவிட்சர்லாந்து நான்கு, இத்தாலி ஆறு. பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்கே. நாள்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்றாலும் ஷெங்கனில் இருக்கிறது, தனி விசா வேண்டாம். லண்டனைச் சேர்த்தால் பிரிட்டனுக்குத் தனி விசா, தனிச் செலவு; முதல் பயணத்தில் அதை விட்டுவிடுவது நல்லது.

2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு இல்லை. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கைரேகை எடுப்பதில்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஒவ்வொருவருக்கும் தேவை, கைக்குழந்தை உட்பட.

சிக்கல் என்னவென்றால், மலிவான ரயில் டிக்கெட்டுகள் பல மாதம் முன்னதாக விற்பனைக்கு வந்துவிடும். அவை பெரும்பாலும் பணம் திரும்பாதவை. விசா கையில் இல்லாமல் அவற்றை வாங்குவது சூதாட்டம். நான் செய்வது இது: விடுதிகளை ரத்து செய்யக்கூடிய முறையில் பதிவு செய்து விண்ணப்பத்தில் காட்டுவேன். ரயில் பாதையை அட்டவணையாக எழுதி இணைப்பேன். விசா வந்த அன்று இரவே உட்கார்ந்து மூன்று பெரிய டிக்கெட்டுகளையும் வாங்கிவிடுவேன். விசாவுக்கு ஆரம்பத்திலேயே விண்ணப்பித்திருந்தால் அப்போதும் விலை கையைக் கடிக்காது. பிரெஞ்சு அதிவேக வண்டியும் இத்தாலிய அதிவேக வண்டியும் விமானம் போல, நாள் நெருங்க நெருங்க விலை ஏறுபவை. சுவிட்சர்லாந்தின் உள்ளூர் வண்டிகளுக்கு அந்தக் கவலை இல்லை, அன்று காலை வாங்கினாலும் இடம் உண்டு.

இன்னொன்று, ஐரோப்பிய ரயில்களின் கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாம் வார இறுதியில் மாறுகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போகிறவர்கள் அக்டோபரில் பார்த்த நேரத்தை நம்பி விடுதி பதிவு செய்துவிட வேண்டாம்.

குழந்தைக்கு எவ்வளவு?

நம் ஊரில் ஐந்து வயதைக் கணக்கு வைத்துப் பழகியவர்களுக்கு இங்கே நாட்டுக்கு நாடு விதி மாறுவது குழப்பும். மேலோட்டமாகச் சொன்னால், ஜெர்மனி மிகத் தாராளம்: ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம், 6 முதல் 14 வரை பெற்றோருடன் போனால் இலவசம். ஆனால் டிக்கெட் வாங்கும்போதே குழந்தையின் எண்ணிக்கையைச் சேர்த்திருக்க வேண்டும். வண்டியில் ஏறிய பிறகு சேர்க்க முடியாது. ஆஸ்திரியாவில் ஆறுக்குக் கீழே இலவசம், 14 வரை பாதிக் கட்டணம். பிரான்சில் நான்கு வயதுக்குக் கீழே மடியில் உட்கார்ந்தால் இலவசம். அதிவேக வண்டியில் அந்தக் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமென்றால் குறைந்த விலையில் தனி டிக்கெட் உண்டு. மூன்று மணி நேரம் மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருந்த அனுபவம் எனக்கு இருக்கிறது, இருக்கையை வாங்கிவிடுங்கள். 4 முதல் 11 வரை குறைந்த கட்டணம்.

இத்தாலிய அரசு ரயிலில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம் என்று ஒரு குடும்பச் சலுகை இருக்கிறது. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் பெரியவர்கள் முழு விலை கொடுக்க வேண்டும். முன்கூட்டி வாங்கினால் நால்வருக்கும் தள்ளுபடி டிக்கெட் எடுப்பது சில நாள்களில் அதைவிடக் குறைவாக வரும். இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சுவிட்சர்லாந்தில் ஆறு வயதுக்குக் கீழே இலவசம். வெளிநாட்டவருக்கான ஸ்விஸ் டிராவல் பாஸ் பெற்றோரிடம் இருந்தால், 6 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை இலவசமாகத் தருகிறார்கள். பாஸ் வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது.

அப்படியானால் ஐரோப்பா முழுவதற்குமான யூரெயில் பாஸ்? அது 33 நாடுகளில் செல்லும். 4 முதல் 11 வயது வரை ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகள் இலவசம். அவர்களுக்கும் தனிக் குழந்தை பாஸ் பதிவு செய்ய வேண்டும். நான்கு வயதுக்குக் கீழே பாஸே வேண்டாம். ஆனால் பாஸ் என்பது பயணக் கட்டணம் மட்டும்தான். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக வண்டிகளில் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம், இலவசக் குழந்தைக்கும் சேர்த்து. பிரெஞ்சு வண்டிகளில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகளுக்கு அளவும் உண்டு. அது தீர்ந்துவிட்டால் வண்டி காலியாக ஓடினாலும் நமக்கு இடமில்லை. சுவிஸ் மலை ரயில்கள் பலவற்றில் யூரெயிலுக்குத் தள்ளுபடி மட்டுமே.

என் கருத்து: மூன்று நான்கு பெரிய பயணம் மட்டும் என்றால் யூரெயில் வேண்டாம், தனி டிக்கெட் போதும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று முன்பதிவு கட்டாயமில்லாத நாடுகளில் இரண்டு மூன்று வாரம் சுற்றுகிறவர்களுக்கு அது தங்கம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்குப் போகலாம், அவ்வளவுதான்.

எங்கள் உதாரணப் பாதைக்கு: பாரிஸ் முதல் பாசல் வரை தனி டிக்கெட். பாசலில் தொடங்கி நான்கு நாள் ஸ்விஸ் பாஸ். ஐந்தாம் நாள் லுசெர்ன் முதல் மிலான் தனி டிக்கெட். எல்லை தாண்டும் இந்த வண்டிக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், லுசெர்னிலிருந்து நேராகப் போகும் வண்டிகள் நாளுக்குச் சிலவே. பிறகு இத்தாலிக்குள் இரண்டு டிக்கெட்.

எந்த நேரத்து வண்டி?

கோடையில் ஐரோப்பாவின் இந்தப் பகுதி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை மணி. முதல் மூன்று நாள் பிள்ளைகள் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து இட்லி கேட்பார்கள், மாலை ஆறு மணிக்குத் தட்டின் மேலேயே தூங்கிவிடுவார்கள். ஆகவே முதல் சில நாளில் காலை வண்டி தாராளமாக எடுக்கலாம், மாலை வண்டி கூடாது. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழாகிவிடும். ஜூன் மாதம் பாரிஸில் பொழுது சாய ஏறத்தாழ பத்து மணி ஆகிறது. வெளிச்சம் இருக்கும்வரை பிள்ளைகள் தூங்க மறுப்பார்கள், காலையில் எழுப்பினால் அழுவார்கள்.

அதனால் இரண்டாம் வாரத்துப் பயணங்களுக்குப் பத்து மணி வாக்கில் கிளம்பும் வண்டியைத் தேடுங்கள். நிதானமாகச் சாப்பிட்டு அறையைக் காலி செய்யலாம். போய்ச் சேரும்போது விடுதி அறையும் தயாராக இருக்கும். பெரும்பாலான இடங்களில் மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை தருகிறார்கள்.

விடுதியை நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் எடுங்கள். நகர நடுவில் அழகான தெருவில் இருக்கும் விடுதி படத்தில் நன்றாக இருக்கும். கற்கள் பதித்த தெருவில் சூட்கேஸ் சக்கரம் எழுப்பும் சத்தத்தைக் கேட்டால் மனம் மாறிவிடும். பாரிஸில் மட்டும் எந்த நிலையம் என்பதைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அங்கே பெரிய முனையங்களே ஆறேழு உண்டு. பாசல், ஜூரிக் பக்கம் போகும் வண்டிகள் கார் த லியோனிலிருந்து புறப்படுகின்றன. லண்டன், பிரஸ்ஸல்ஸ் வண்டிகள் கார் து நோர். இரண்டும் வேறு வேறு இடம்.

இருக்கை

பதிவு செய்யும்போது மேசையைச் சுற்றி எதிரெதிராக இருக்கும் நான்கு இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள். மேசை இருந்தால் வண்ணம் தீட்டலாம், சீட்டு விளையாடலாம், சாப்பாட்டை விரிக்கலாம், மகன் அதன் கீழே போய்க் குகை என்று ஒளிந்துகொள்ளலாம். அமைதிப் பெட்டி என்று ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி வண்டிகளில் தனிப் பகுதி இருக்கிறது. கவனிக்காமல் அங்கே பதிவு செய்துவிட்டால் ஒவ்வொரு சிணுங்கலுக்கும் பத்துத் தலைகள் திரும்பும்.

குடும்பங்களுக்கென்றே இடம் வைத்திருப்பவர்களும் உண்டு. சுவிஸ் இரண்டடுக்கு வண்டிகள் சிலவற்றின் குடும்பப் பெட்டியில் மேல்தளத்தில் சறுக்குமரத்தோடு விளையாட்டிடமே இருக்கிறது. பெட்டியின் வெளிப்புறத்தில் படம் ஒட்டியிருப்பார்கள். ஆஸ்திரியாவின் ரெயில்ஜெட்டில் குழந்தைகளுக்குச் சிறிய திரை வைத்துப் படம் காட்டும் மூலை உண்டு. ஜெர்மன் அதிவேக வண்டிகளில் கைக்குழந்தைகளுக்கான தனி அறையும் குடும்பப் பகுதியும் இருக்கின்றன. ஆனால் ஜெர்மனியில் டிக்கெட் வேறு, இருக்கை வேறு. முன்பு குடும்பத்துக்கு ஒரே கட்டணத்தில் இருக்கை பதிவு செய்யும் வசதி இருந்தது. 2025 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது ஒவ்வொரு இருக்கைக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். குழந்தைக்கு டிக்கெட் இலவசம்தானே என்று இருக்கையைப் பதியாமல் விட்டால், கூட்ட நாளில் கதவோரம் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து போக நேரும்.

வண்டி மாறுதல்

சுவிட்சர்லாந்தில் நாடு முழுக்க வண்டிகள் ஒரே தாளத்தில் ஓடுகின்றன. 1982 முதல் இந்த முறை. ஒவ்வொரு மணியும் அதே நிமிடத்தில் வண்டி வரும், இணைப்பு வண்டி பெரும்பாலும் பக்கத்திலேயே நிற்கும். அங்கே எட்டு நிமிட மாறுதல்கூட நம்பத்தக்கது. தவறினாலும் பாஸ் இருப்பதால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். ஜெர்மனியில் அந்த நம்பிக்கை வைக்காதீர்கள். 2024-இல் அங்கே நெடுந்தூர வண்டிகளில் ஏறத்தாழ 62 விழுக்காடுதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதிலும் ஆறு நிமிடம்வரையான தாமதத்தைத் தாமதமாகவே கணக்கிடுவதில்லை. டிக்கெட் இணையதளம் ஏழு நிமிட மாறுதல் காட்டினால், குறைந்தபட்ச மாறுதல் நேரத்தை நாற்பது நிமிடம் என்று நீங்களே மாற்றித் தேடுங்கள்.

மிலானில் நான் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக வைப்பதே இல்லை. சுவிஸ் வண்டி பிந்தலாம், பிளாட்பாரங்களுக்குள் போக டிக்கெட் காட்டும் வாயில் இருக்கிறது, மகனுக்குப் பசிக்கும். அதைவிட முக்கியமாக, இரண்டும் தனித்தனியாக வாங்கிய டிக்கெட். முதல் வண்டி தாமதமானதால் இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி உங்களை அடுத்த வண்டியில் ஏற்றிவிட வேண்டியது அவர்கள் கடமை. சேருமிடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணிக்கு மேல் போனால் பாதியும் கேட்டுப் பெறலாம்.

பிளாட்பாரத்தில்

பாரிஸ் போன்ற முனையங்களில் வண்டி எந்த பிளாட்பாரம் என்று இருபது நிமிடம் முன்புதான் பலகையில் வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். ஓட வேண்டாம், ஆனால் அதற்கு முன்பே பெட்டி எண்ணைத் தெரிந்து வைத்திருங்கள். புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போது கதவை மூடிவிடுவார்கள். சூட்கேஸ்களில் பெயர்ச்சீட்டு கட்டாயம், அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கைக் கணக்குப்படி வந்தவர்களுக்கு இந்த விதியால் தொல்லை வராது.

பிளாட்பாரத்தில் ஏ, பி, சி, டி என்று எழுத்துப் பலகைகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்துக்கு நேராக நிற்கும் என்று திரையிலோ செயலியிலோ காட்டுவார்கள். அங்கேயே போய் நில்லுங்கள். இடைநிலையங்களில் வண்டி இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். சில வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். பெர்லினிலிருந்து மேற்கே வரும் ஜெர்மன் அதிவேக வண்டிகள் ஹாம் என்ற இடத்தில் அப்படிப் பிரிகின்றன. அப்பா ஒரு பாதியிலும் பிள்ளைகள் மறு பாதியிலுமாக உட்கார்ந்துவிடக் கூடாது. கதவு தானாகத் திறக்கும் என்று காத்திருக்காதீர்கள், பொத்தானை அழுத்த வேண்டும்.

ஏறும் வரிசையை வீட்டிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். ஒரு பெரியவர் முதலில், அடுத்து குழந்தைகள், பிறகு கீழே இருப்பவர் சூட்கேஸ்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியாக ஏறுவார். இறங்கும்போதும் இதே வரிசை. குழந்தைகள் ஒருபோதும் முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை.

இத்தாலியில் சாதாரண உள்ளூர் வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம், தெரியாது என்று சொன்னால் எடுபடாது. பெரிய நிலையங்களில் டிக்கெட் இயந்திரத்தருகே வந்து உதவ முன்வருபவர்களிடமும், சூட்கேஸைத் தானாகத் தூக்குபவர்களிடமும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடவுச்சீட்டுகள் உடம்போடு ஒட்டிய பையில் இருக்கட்டும்.

சாப்பாடும் கழிப்பறையும்

வண்டியில் உணவுக்கூடம் இருக்கும், விலையும் இருக்கும். ஏறும் முன் நிலையத்துக்குள்ளேயே உள்ள பலசரக்குக் கடையில் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். இனிப்பு சேர்க்காத வெறும் தயிர் எங்கும் கிடைக்கிறது. அடுக்களை உள்ள அறை எடுத்து, காலையில் சோறு வடித்துத் தயிர்சாதம் பிசைந்து டப்பாவில் கொண்டுபோன நாள்களில்தான் எங்கள் வண்டிப் பயணம் சண்டையில்லாமல் கழிந்தது. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், புட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். வண்டிக் கழிப்பறையின் குழாய் மட்டும் குடிக்க அல்ல.

நிலையக் கழிப்பறைக்குப் பல இடங்களில் ஒரு யூரோ அளவில் காசு கேட்பார்கள். வண்டியில் இலவசம். இறங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பு எல்லாரையும் ஒரு சுற்று அனுப்பிவிடுவது எங்கள் வீட்டுச் சட்டம். "எனக்கு வரவில்லை" என்ற பதிலுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

லுசெர்னில் சூட்கேஸ் இல்லாத ரயில்கள்

பிள்ளைகளுக்கு ரயில் என்பது ஊர் போய்ச் சேரும் வழி அல்ல, அதுவே விளையாட்டு. அதனால்தான் நடுவில் நான்கு இரவு ஒரே இடம். லுசெர்னிலிருந்து படகில் விட்ஸ்நாவு போய் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயிலில் ஏறலாம். 1871-இல் திறந்தது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். ஸ்விஸ் பாஸிலேயே அடங்கும். ஊட்டி ரயிலில் போயிருக்கும் பிள்ளைகளிடம் தண்டவாளத்தின் நடுவே ஓடும் பல் வரிசையைக் காட்டுங்கள். நம் நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டு வந்தவை. இதைச் சொன்னதும் என் மகள் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போய் "இது எங்கள் ஊரிலும் இருக்கிறது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தாள். பிலாட்டஸ் மலை ரயில் இன்னும் செங்குத்து, 48 விழுக்காடு சரிவு. மழை நாளுக்கு லுசெர்னிலேயே போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாள் என்று போனவர்கள் முழு நாளும் அங்கேயே கழிப்பார்கள்.

ஒரு நாளை கோட்ஹார்ட் பழைய மலைப்பாதைக்கு ஒதுக்குங்கள். மிலான் போகும் விரைவு வண்டி 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்துவிடும். உலகின் மிக நீண்ட ரயில் சுரங்கம் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லலாம், ஆனால் ஏறத்தாழ இருபது நிமிடம் இருட்டுதான். பழைய பாதையில் இப்போதும் வட்டார வண்டி ஓடுகிறது. வாசன் என்ற கிராமத்தருகே வண்டி மலைக்குள் சுழன்று சுழன்று ஏறுவதால், அந்த ஊரின் வெள்ளைத் தேவாலயம் மூன்று முறை தெரியும்: முதலில் தலைக்கு மேலே, பிறகு நேர் எதிரே, கடைசியில் காலுக்குக் கீழே. முன்கூட்டிச் சொல்லாமல் எண்ணச் சொல்லுங்கள்.

பெயர்பெற்ற கண்ணாடிக் கூரை வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிளேசியர் எக்ஸ்பிரஸ் எட்டு மணி நேரம், முன்பதிவுக் கட்டணம் தனி. எட்டு மணி நேர மலைக்காட்சி பெரியவர்களுக்குத்தான்; ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது மணியில் மலை தீர்ந்துவிடும். பெர்னினா என்ற சுவிஸ் மலை ரயில் பாதையை விரும்பினால், அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டியில் ஏறுங்கள். முன்பதிவு வேண்டாம், அலுத்தால் நடுவில் இறங்கலாம், பல பெட்டிகளில் சன்னலைத் திறக்கவும் முடியும்.

இரவு வண்டி எடுக்கலாமா?

ஜூரிக்–வியன்னா, மியூனிக்–ரோம், வியன்னா–வெனிஸ் போன்ற தடங்களில் ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட் ஓடுகிறது. நால்வர் குடும்பமென்றால் படுக்கை அறை ஒன்றை முழுவதுமாகப் பதிவு செய்யுங்கள், உள்ளிருந்து தாழிடலாம். பிள்ளைகளுக்கு அந்த ஏணியே போதும், ஒரு விடுமுறைக்கான மகிழ்ச்சி. பெற்றோருக்குத் தூக்கம் இருக்காது. சின்னவன் விழுந்துவிடுவானோ என்று காது விழித்துக்கொண்டே இருக்கும், ஆகவே அவனுக்குக் கீழ்ப்படுக்கை. காலை எட்டு மணிக்கு இறங்கி மதியம்வரை அறையில்லாமல் சுற்றும் களைப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரு பயணத்தில் ஒரு முறை எடுக்கலாம். விடுதிக் காசு மிச்சம் என்று இரண்டாவது முறை எடுக்காதீர்கள்.

பிரிந்துபோனால்

கதவு மூடி, ஒருவர் பிளாட்பாரத்திலும் மற்றவர் வண்டியிலும் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதை ஊரிலேயே முடிவு செய்யுங்கள். எங்கள் ஏற்பாடு இது: வண்டியில் இருப்பவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். கீழே இருப்பவர் அடுத்த வண்டியில் வருவார். மாறி மாறித் தேடி ஓடக் கூடாது. குழந்தை மட்டும் வண்டியில் இருந்தால், அது இறங்கவே கூடாது. சீருடையில் இருப்பவரிடம் சட்டைப்பையில் இருக்கும் அட்டையைக் காட்ட வேண்டும். அந்த அட்டையில் இரண்டு கைபேசி எண்கள் நாட்டுக் குறியீட்டோடு இருக்கும். எண்களை ஆங்கிலத்தில் எழுதி ஒரு நாள் ஒத்திகையும் பாருங்கள். மகன் மூன்று முறையும் வீட்டு வேலைக்காக வந்த மின்பணியாளரிடம் அட்டையைக் காட்டினான். அவர் சீருடை போட்டிருந்தார், குறை சொல்ல முடியாது.

கடைசி நாள்

ரோம் தெர்மினியிலிருந்து ஃபியூமிச்சினோ விமான நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம். நடுவில் எங்கும் நிற்காது, மாறுதல் இல்லை, கைகள் நான்கும் போதும். ஆனால் இத்தாலியில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி வரும். "ஷோப்பெரோ" என்ற சொல்லை அறிவிப்புப் பலகையில் கண்டால் அதுதான். பெரும்பாலும் நாள்கள் முன்னதாகவே அறிவித்துவிடுவார்கள்; வேலை நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய உள்ளூர் வண்டிகளை ஓட்டியாக வேண்டும் என்பது அங்கே விதி. விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே தேடிப் பாருங்கள். அன்று வேலைநிறுத்தம் என்றால் வாதாட வேண்டாம், டாக்ஸிக்குப் போய்விடுங்கள். பழைய நகர மதிலுக்கு உள்ளிருந்து ஃபியூமிச்சினோவுக்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு, சூட்கேஸுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஏறும் முன்பே தொகையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.